இருமாமல் இறங்கிய தண்ணீர்

என் தம்பி ஜியாவுல்லாவின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது என்று எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். "பாவம், வயசான பொம்பளை, தெரியாம செஞ்சுட்டா" என்று யாராவது எனக்காகப் பரிந்துகொண்டு வந்தால், தயவுசெய்து வேண்டாம். தென்றல் என்கிற அந்த ஸ்பீச் தெரபிஸ்ட் பெண் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து, விளக்கமாகச் சொன்னாள். நானும் பெரிய மனுஷிபோல் தலையை ஆட்டினேன்.

ஜியாவுக்குச் செங்கம் ரோட்டில் பைக் சீட் கவர் தைக்கிற கடை. கோடை தொடங்கிய சமயம், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டான். ஸ்ட்ரோக். அல்லாஹ் உயிரைக் கொடுத்தான். இடது கை, இடது கால் விழுந்தது, பேச்சு குழறியது. அதெல்லாம் மெதுவாக வரும் என்றார்கள். ஆனால் விழுங்கவே வரவில்லை. எச்சில்கூடக் கடைவாயில் வழிந்தது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ஒரு டியூபை விட்டு, அதில்தான் எல்லாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். தட்டு நிறையப் பிரியாணியைப் போட்டாலும் இன்னொரு கரண்டி கேட்கிறவன் அவன்.

வேங்கிக்காலில் க்ளினிக் வைத்திருக்கும் தென்றல் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தாள். ஐஸில் வைத்த ஸ்பூனால் தொண்டை ஓரத்தைத் தொட்டுவிட்டு "முழுங்குங்க" என்பாள். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தச் சொல்வாள். இவ்வளவு பெரிய ஆள், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், சின்னக் குழந்தைபோல் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனால் ஒரு மாதத்துக்குள் அவன் எச்சிலை விழுங்க ஆரம்பித்தான். பிறகு கெட்டிக் கஞ்சி. மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, டப்பாவில் வரும் பவுடரைக் கலந்து, ஸ்பூனைக் கவிழ்த்தால் ஒழுகாமல் பொத்தென்று விழ வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, ஒரு வாய்க்கு இரண்டு தடவை விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகு "ஆ" சொல்ல வேண்டும். குரல் தெளிவாக இருந்தால்தான் அடுத்த ஸ்பூன்.

"தண்ணி மட்டும் ஏம்மா வேணாங்கிறீங்க? கஞ்சி எறங்குது, தண்ணி எறங்காதா?" என்று நான்தான் கேட்டேன்.

"சோத்துக்கு ஒரு குழாய், மூச்சுக்கு ஒரு குழாய் இருக்குதும்மா. நாம முழுங்குறப்ப மூச்சுக்குழாய் தானா மூடிக்கும். இவருக்கு அது லேட்டா மூடுது. கஞ்சி மெதுவா வரும், அதுக்குள்ள மூடிடும். தண்ணி ஓடிடும். நேரா நுரையீரலுக்குப் போயிடும்."

"போனா இருமி வெளிய தள்ளிட மாட்டானா?"

"சில பேருக்கு இருமலே வராதும்மா. உள்ள போறது அவங்களுக்கே தெரியாது. அதுதான் ரொம்ப ஆபத்து."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

அவன் மனைவி பீபி ஜானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த உடம்பு, சத்தம் வராத பேச்சு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவளிடம் ஏதாவது குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உப்பு கம்மி, எண்ணெய் ஜாஸ்தி, பிள்ளைகளுக்குச் செல்லம். எனக்கு வாய் நீளம், அவளுக்குப் பொறுமை நீளம், இப்படியே காலம் ஓடிவிட்டது. ஆனால் இந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல எவனுக்கும் வாய் வராது. கஞ்சியை ஸ்பூனில் எடுத்துக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் அவன் பக்கம் போவாள். அவன் சாப்பிடும்போது அந்த அறையில் யாரும் பேசக் கூடாது. பேசினால் அவன் சிரிப்பான், சிரித்தால் புரையேறும். நான் வந்தால் மட்டும் "ஆபா, கொஞ்ச நேரம் வெளியே உக்காருங்க" என்பாள். அக்காவை வெளியே உட்காரச் சொல்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

நானும் என் வீட்டுக்காரரும் மக்காவுக்கு உம்ரா போக, ஜியா விழுவதற்கு முன்பே எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. போகவா வேண்டாமா என்று அழுதுகொண்டு நின்றேன். அவன்தான் வலது கையை ஆட்டி, போ போ என்றான். போனேன். கஅபாவுக்கு எதிரில் நின்று, என் பிள்ளைகளுக்குக்கூட அப்புறம்தான், முதலில் அவனுக்காகத்தான் துஆ கேட்டேன். அங்கே ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும்போது மனசுக்குள் ஒரு நிய்யத்தும் வைத்துக்கொண்டேன். ஊருக்குப் போனதும் இந்தத் தண்ணீர் என் கையால் அவன் வாயில் போக வேண்டும். என் கையால். மனைவி கையால் இல்லை, டியூபில் இல்லை.

திரும்பி வந்ததும் கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டில் ஒரு நாள் இருந்துவிட்டு, தம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் பௌர்ணமி, பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். நினைத்ததுபோலவே காலையிலேயே செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டம் நிறைந்துவிட்டது. தென்றல் போன் பண்ணி, "வண்டியை விட மாட்டேங்கிறாங்க, நாளைக்கு வரேன்" என்று பீபியிடம் சொன்னாள்.

எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும் நடந்தே வந்தார்கள். உம்ரா போய் வந்தவளைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பேரீச்சம்பழமும் ஒரு சின்னக் கப்பில் ஜம்ஜமும் கொடுப்பது வழக்கம். ஜியாவின் கட்டில் கிடந்தது முன்னறையில். வந்தவர்கள் எல்லோரும் அவன் கண் முன்னாலேயே மக்கா இருக்கிற கிப்லாத் திசையைப் பார்த்து எழுந்து நின்று, பிஸ்மில்லாஹ் சொல்லி, மடக்கு மடக்காகக் குடித்தார்கள். அவன் ஒவ்வொருவர் தொண்டையையும் பார்த்துக்கொண்டிருந்தான். பீபி அவன் பங்கை டியூபில்தான் விட்டாள். அது வயிற்றுக்குப் போயிருக்கும். உதடு காய்ந்து வெடித்தபடியே இருந்தது.

சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்குக் கூட்டம் கலைந்தது. பீபி உள்ளறையில் தொழப் போனாள். அவன் என்னைப் பார்த்தான். "ஆபா... தண்ணி" என்றான். அவனுக்குத் திரும்பி வந்த பேச்சில் அந்த வார்த்தைதான் நன்றாக வரும்.

நான் ஸ்பூனை எடுத்தேன். தாடையைக் கீழே இறக்கச் சொன்னேன். அதாவது, எனக்குப் பயிற்சியெல்லாம் தெரியுமாம்! ஒரு ஸ்பூன் விட்டேன். கண்ணை மூடி விழுங்கினான். இருமவில்லை. சுப்ஹானல்லாஹ் என்றேன். இன்னொரு ஸ்பூன். இருமவில்லை. பிறகு கப்பையே வாயில் வைத்தேன். அவன் வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பாதிக் கப்பைக் குடித்தான். கண்ணோரத்தில் நீர் வழிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பார்த்தாயா, இது சாதாரணத் தண்ணீரா என்று நினைத்தேன். "ஆபா" என்று அவன் கூப்பிட்டபோது குரல் தொண்டைக்குள் கொழகொழவென்று கேட்டது. கேட்டது, எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அழுகிறான், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பீபி வருவதற்குள் கப்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் காய்ச்சல் கொதித்தது. மூச்சு வாங்கினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர், "நுரையீரல்ல நிமோனியா. வாய் வழியா என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"கஞ்சி மட்டும்தான் டாக்டர். மேடம் சொன்ன மாதிரி" என்றாள் பீபி.

"கஞ்சிதான் உள்ளே போயிருக்கணும். வேற வழியில்ல."

எங்கள் இளைய தம்பி சைஃபுல்லா ஆக்சிஜன் மாட்டிய அண்ணனைப் பார்த்துவிட்டு நேராக அண்ணி பீபியிடம் வந்தான். "பாபி, கஞ்சிய சரியா கலக்கினீங்களா இல்லியா?"

"ஆளுங்க வந்துக்கினே இருந்தாங்க... பவுடர் போட்டேன்." தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "போட்டேன்னுதான் நெனைக்கிறேன்." அவள் முகத்தில் அந்தச் சந்தேகம் நுழைந்ததை நான் பார்த்தேன்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். ஐயோ, திறக்காமலே இருந்திருக்கலாம். "விடு சைஃபு, அவள இன்னாத்துக்குக் கேக்குற? ஒருத்தி எவ்வளவுதான் பாப்பா? வீட்ல வேல ஜாஸ்தி, கவனம் கம்மியா போயிருக்கும். பாவம்."

அவளுக்குப் பரிந்து பேசுவதுபோலவே பேசி, பழியை அவள் தலையில் பக்குவமாக இறக்கி வைத்தேன். அவள் என்னை நன்றியோடு பார்த்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் பெரிய காரணம். ஜம்ஜம் குடித்து ஒருத்தனுக்குச் சீக்கு வந்தது என்று ஊரில் பேசினால் அந்தப் புனிதத் தண்ணீருக்கு அவமரியாதை ஆகாதா? அதன்மேல் பழி வர நான் காரணமாகலாமா? அடேயப்பா, என்ன பக்தி! உண்மைக் காரணம் சின்னது. பீபியிடம் ஒரு நாளும் நான் தப்பு செய்தவளாக நின்றதில்லை. நிற்கப் பிடிக்கவில்லை.

மருந்து ஏறி, காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஆக்சிஜனை எடுத்தார்கள். ஆனால் பீபி மாறிவிட்டாள். தென்றல் வார்டுக்கு வந்து, "கஞ்சி வேணாம், இப்போதைக்குப் பயிற்சி மட்டும் பண்ணலாம், ஐஸ் ஸ்பூன் மட்டும் வைங்க" என்று சொன்னபோது, பீபி இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். "நான் மாட்டேன் மேடம். என் கையால எதுவும் வேணாம்" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர் இட்லி சாப்பிடுவார். சாம்பார் வாசனை வந்ததும் ஜியா பீபியைப் பார்த்து வாயைத் திறப்பான். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். அவன் திறந்த வாயைச் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு மூடுவான்.

அதை நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு.

ஒரு காலை டாக்டர் வந்தார். கூடவே தென்றலும் வந்திருந்தாள். கெட்டிக் கஞ்சியே நுரையீரலுக்குப் போகிறதென்றால் இனி வாய் வழியாகக் கொடுப்பதை நம்ப முடியாது என்றார் டாக்டர். மூக்கு டியூபையும் ரொம்ப நாள் வைக்க முடியாது. வயிற்றில் சின்ன ஓட்டை போட்டு அங்கே டியூப் வைத்துவிடலாம். மூன்று மாதமோ ஆறு மாதமோ, சிலருக்குக் கடைசிவரைக்கும்.



தென்றல் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு இது புரியல டாக்டர். கெட்டியா குடுத்தப்ப ஒரு தடவைகூட இவர் குரல் மாறல. நானே கேட்டிருக்கேன்." அவள் கட்டில் அருகே குனிந்தாள். "ஐயா, உங்களையே கேக்கிறேன். வாய்ல பேச வேணாம், தலைய ஆட்டுங்க போதும். அன்னைக்குத் தண்ணி ஏதாவது குடிச்சீங்களா? யாராவது குடுத்தாங்களா?"

ஜியா அவளைப் பார்க்கவில்லை. ஸ்டூலில் இருந்த என்னைப் பார்த்தான்.  பிறகு தென்றல் பக்கம் திரும்பி, இல்லை என்று தலையை ஆட்டினான்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. இல்லன்னா வயித்துல ஓட்டை போடணும்."

மறுபடியும் இல்லை என்றான். வலது கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்து, போடுங்கள் என்று காட்டினான்.

என் தம்பி. சின்ன வயதில் நான் உடைத்த பானைக்கெல்லாம் அவன் அடி வாங்கினான் என்று கதை சொல்ல மாட்டேன், அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. எப்போதும் நான்தான் அவனை மிரட்டுவேன். அப்படிப்பட்ட எனக்காக, இனி வாழ்நாளில் ஒரு வாய் சோறு இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று வயிற்றைக் காட்டுகிறான்.  இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"பொய் சொல்றான்" என்றேன். எழுந்தபோது ஸ்டூல் பின்னால் விழுந்தது. "நான் குடுத்தேன். ஜம்ஜம். ரெண்டு ஸ்பூன், அப்புறம் பாதிக் கப்பு. பௌர்ணமி அன்னிக்கி, இவ தொழப் போனப்ப. இருமல, அதனால ஒண்ணும் ஆவலன்னு நெனச்சுட்டேன்."

 டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தென்றலின் முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, இருமல் வராம போகும்னு உங்ககிட்டதானே சொன்னேன்? உங்க மூஞ்சியப் பாத்துச் சொன்னேனே?"

"சொன்னீங்கம்மா."

"இத்தனை நாள் ஏன் வாயே திறக்கல?"

"ஜம்ஜம் மேல பழி வந்துடும்னு..." என்று ஆரம்பித்தேன். அந்தப் பொய்யை முடிக்கக்கூட எனக்கு நாக்கு வரவில்லை.

பீபி இப்போதுதான் பேசினாள். "தண்ணி மேல யாரு பழி போடப் போறாங்க ஆபா? தண்ணி தானா நடந்து வந்து அவர் வாய்ல போச்சா?"

அவள் குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், பழக்கம் அப்படி. "அவர் மேல இருக்கிற பாசத்துல குடுத்துட்டீங்க. சரி. நானா இருந்தாலும் குடுத்திருப்பனோ என்னவோ. அத விட்டுடறேன்" என்றாள். "ஆனா இத்தன நாளா இவரு என்னப் பாத்து வாயத் திறந்தாரு. என் கைதான் இவரக் கொல்லப் பாத்துச்சுன்னு நெனச்சு நான் மூஞ்சியத் திருப்பிக்கினேன். நீங்க அந்த ஸ்டூல்ல உக்காந்து பாத்துக்கினு இருந்தீங்க. அத எப்படி விடுறது, நீங்களே சொல்லுங்க."

  "மன்னிச்சுடு பீபி" என்றேன். அவள் கேட்டாளா இல்லையா தெரியாது. கட்டிலுக்குப் போய், விழுந்து கிடந்த அவன் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவன் வலது கையால் அவள் தலையைத் தடவினான். நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். சைஃபுல்லாவுக்குப் போன் போட்டு, "பாபிமேல ஒரு தப்பும் இல்ல, நான்தான்" என்று சொன்னேன். அவன் போனை வைத்துவிட்டான்.

தண்ணீர்தான் காரணம் என்றால் கஞ்சியை நிறுத்த வேண்டியதில்லை, நெஞ்சு முழுக்கத் தெளிந்ததும் நானே மறுபடி பார்க்கிறேன், அதுவரை வயிற்று டியூப் வேண்டாம் என்று தென்றல் டாக்டரிடம் வாதாடினாள். டாக்டரும் ஒத்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து, "நீங்க இப்பவாவது சொன்னீங்க. ஆனா நீங்க பாட்டுக்குச் சொல்லாம விட்டிருந்தா?" என்றாள். என்னைத் தேற்றுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில் கஞ்சிக்கு நாள் வைத்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. சைஃபுல்லாவின் மனைவி வாய்தவறிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் இருந்து முதல் பஸ்ஸில் ஓடிவந்தேன். வந்துவிட்டேனே தவிர, உள்ளே போகக் கால் வரவில்லை. கதவுக்கு வெளியில் செருப்பை மட்டும் கழற்றிவிட்டு நின்றேன்.

தென்றல் கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். பீபி கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஸ்பூனைக் கவிழ்த்துப் பார்த்தாள். திரும்பவும் கவிழ்த்துப் பார்த்தாள்.  

ஜியா என்னைப் பார்த்துவிட்டான். தலையை அசைத்து உள்ளே கூப்பிட்டான். நான் அசையவில்லை. அவன் வாயைத் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பீபியும் திரும்பிப் பார்த்தாள். தென்றல் யார் பக்கமும் பார்க்காமல் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"உள்ள வாங்க ஆபா" என்றாள் பீபி. நான் வாசற்படியில் கால் வைத்ததும், "கைய மட்டும் பின்னாடி கட்டிக்கினு நில்லுங்க" என்றாள்.

கேலியா, கோபமா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. ரெண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன். அறுபதைத் தாண்டியவள், ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற பிள்ளைபோல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டில் காலருகே நின்றேன். ஜியாவுக்குச் சிரிப்பு வந்தது. "சிரிக்காதீங்க, முதல்ல முழுங்குங்க" என்று தென்றல் அதட்டினாள். அவன் தாடையை இறக்கினான். பீபி ஸ்பூனை உள்ளே வைத்தாள். அவன் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது, இரண்டாம் தடவையும் ஏறி இறங்கியது.

"ஆ சொல்லுங்க."

"ஆ" என்றான். குரல் தெளிவாக இருந்தது. பீபி அடுத்த ஸ்பூனை எடுத்தாள்.

இப்போது அவன் ரசஞ்சோறு குழைத்துச் சாப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டான். மூக்கு டியூபை எடுத்தாயிற்று. பீபி என்னிடம் முன்புபோலவே பேசுகிறாள், டீ கொடுக்கிறாள், போகும்போது கறி கட்டிக் கொடுக்கிறாள். ஆனால் அவன் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் ஒருமுறை என் பக்கம் பார்ப்பாள். யாரும் சொல்லாமலே என் கை இரண்டும் பின்னால் போய்விடும்.